படுத்துக் கிடந்த ஃப்ரிட்ஜ்

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் மருமகள் போட்ட குண்டின் புகை இன்னும் அடங்கவில்லை.

"மலைக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு டிப்போ திறக்கிறாங்க, அத்தை. பஸ் ஓட்ட ஆள் வேணுமாம். நான் போகலாம்னு இருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சதும் பதில் சொல்லணும்."

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து, தட்டை அரைக் கிண்ணம் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். மனசு உடைந்து கிடக்கும்போதும் அரைக் கிண்ணத்துக்கு மேல் ஒரு சொட்டு செலவழிக்க மாட்டாள். அந்த மாதிரிப் பெண் அவள்.

புருஷனும் கூடப் போகிறானா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் படுக்கப் போகுமுன் கதவருகே நின்று அவள் சொன்ன இன்னொரு வார்த்தை இருக்கிறதே, அதுதான் மாமியாரைத் தூங்கவிடாமல் அடித்தது.

"இந்த வீட்டுல நான் கை வைக்கிற எதுவும் உயிர் பிடிக்க மாட்டேங்குது, அத்தை."

அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான்.

விடிந்ததிலிருந்து நீராவியக்கா ஒரு இடத்தில் உட்காரவில்லை. நீராவியக்கா என்றால் மாமியார்தான். பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்குப் போய் வந்த கத்திகளையும் கத்திரிகளையும் கழுவி, நீராவி யந்திரத்துக்குள் தள்ளி, கிருமி இல்லாமல் எடுத்துக் கொடுக்கிற பிரிவுக்கு அவள்தான் மூத்தவள். அங்கே எல்லாரும் கூப்பிடுகிற பெயர் அது. வீட்டுக்கும் அது ஒட்டிக்கொண்டது. கதவுப்பிடியைத் துடைக்காமல் வீட்டுக்குள் நுழைய மாட்டாள். கடையில் வாங்கிய ஆப்பிளைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற ஆள்.

அவள் புருஷன் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது மனுஷன் மட்டும்தான், குரல் ஓய்வு பெறவில்லை. பால் தீர்ந்துபோனாலும் தலைப்புச் செய்தியாகத்தான் சொல்வார். தெருவில் அவருக்கு நியூஸ்காரர் என்று பெயர். ஒரே மகன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மருமகள் ஊரைச் சுற்றுகிற பஸ்ஸை ஓட்டுகிறவள். அவளை மாமனார் 'பைலட்' என்றுதான் கூப்பிடுவார்.

நாலு பேர், நல்ல குடும்பம். போன மழைக்காலம் வரைக்கும் சிரிப்புக்குக் குறைவில்லாத வீடு.

மழைக்காலத்தில், ஐந்தாம் மாதத்தில், பைலட்டின் வயிற்றில் இருந்த குழந்தை தங்காமல் போனது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "காரணம்னு சொல்ற மாதிரி எதுவும் இல்லம்மா. சில சமயம் இப்படி ஆயிடுது."

பைலட் அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரைக்கூட யாரும் பார்க்கவில்லை. வேலைக்குத் திரும்பிப் போனாள். பிறகு வீட்டைத் திருத்த ஆரம்பித்தாள்.

முதலில் குளியலறைக் குழாயின் கீழே ஒரு வாளி வந்தது. வெந்நீர் வருகிறவரை வீணாக ஓடுகிற தண்ணீர் அதில் பிடிபட்டு, வீடு துடைக்கப் போனது. அப்புறம், துணி கூடை நிரம்பாமல் வாஷிங் மிஷின் ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. யாரும் பார்க்காத டி.வி.யில் சிவப்புப் பொட்டு எரியக்கூடாது. கடைக்குப் போகிறவர் பையோடு போகவேண்டும். மாமனாரின் ஸ்கூட்டர் விலை போனது. "முன்னாள் ஸ்கூட்டர் உரிமையாளர் இன்று காலை பேருந்தில் காணப்பட்டார்" என்று அவர் தன்னைப் பற்றித் தானே செய்தி வாசித்தார். யாருக்கும் இதெல்லாம் பெரிய கஷ்டமாகப்படவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள், நிற்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள்.

அப்புறம்தான் அந்தப் பெட்டி வந்தது.

பழுது பார்க்க வழியில்லை என்று மெக்கானிக் ஓரங்கட்டிய பழைய ஃப்ரிட்ஜ் அது. மொட்டை மாடியில் அதை மல்லாக்கப் படுக்க வைத்து, அடியிலும் பக்கத்திலும் டிரில் போட்டு ஓட்டைகள் வைத்துக் கொடுத்தான். கதவு மேல்பக்கம் திறக்கும். காய்கறித் தோல், சமையலறைக் கழிவு எல்லாம் அதற்குள் போகும். அதன் மேல், டிப்போவில் கூட்டி அள்ளுகிற காய்ந்த இலைகளைப் பைலட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவாள்.

"உள்ள கோடிக்கணக்குல பொடி உயிருங்க இருக்கும், அத்தை. தின்னு தின்னு சூடு கிளப்பும். ஃப்ரிட்ஜ் சுவத்துக்குள்ள பஞ்சு மாதிரி இருக்குல்ல, அது சூட்ட வெளிய விடாது. அப்புறம் எல்லாம் மண்ணாயிடும்." மழைக்காலத்துக்குப் பிறகு அவள் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது அன்றைக்குத்தான்.

நீராவியக்காவோ இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். கோடிக்கணக்கிலா? நம்ம வீட்டு மாடியிலா?

நாள் போனது, வாரம் போனது. பெட்டி சூடாகவில்லை. மண்ணும் ஆகவில்லை. போட்ட கேரட் தோல் போட்ட நிறத்திலேயே கிடந்தது. தினமும் வேலைக்குப் போகுமுன் பைலட் மாடிக்கு ஏறிப் போய்க் கதவைத் தூக்குவாள், கையை வைத்துப் பார்ப்பாள், சத்தமில்லாமல் மூடிவிட்டு இறங்குவாள்.

"பாவம், அது இன்னும் தன்னை ஃப்ரிட்ஜுன்னே நெனச்சுக்கிட்டிருக்கு" என்றார் நியூஸ்காரர். அன்றைக்கு அந்த ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை.

இப்போது உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். பெட்டி ஏன் சூடாகவில்லை என்று அந்த வீட்டில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். பைலட் வேலைக்குப் போன பிறகு, நியூஸ்காரர் குட்டித் தூக்கம் போடுகிற நேரமாகப் பார்த்து, ஒரு மக் நிறைய மருந்துத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டு போய் அந்தப் பெட்டிக்குள் ஊற்றிவிட்டு வந்தவள் நீராவியக்காதான். ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கிற மருந்து. மேலே ஊற்றி, ஓரங்களிலும் ஊற்றி, இலைகளைக் கிளறி அடியிலும் ஊற்றுவாள். செய்வதைத் திருந்தச் செய்கிறவளாயிற்றே! அந்தப் பெட்டிக்குள் ஒரு உயிர் பிழைத்திருந்தால் அது பெரிய அதிசயம்.

கெட்ட எண்ணமா என்றால், சத்தியமாக இல்லை. அவள் எதற்காகச் செய்தாள் என்பது அவள் யாரிடமும் சொல்லாத விஷயம். கொஞ்சம் பொறுங்கள்.

போன வெள்ளிக்கிழமை மருமகள் சொன்ன அந்த வார்த்தை அவளை உலுக்கிவிட்டது. மறுநாளே, வீட்டில் யாரும் இல்லாத சமயம், பெட்டியைக் காலி செய்தாள். எல்லாவற்றையும் அலசி, மாடியில் பரப்பி, மருந்து வாசனை போகிறவரை வெயிலில் காயவிட்டாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் கேட்டு, தோலும் காபிச் சக்கையுமாக இரண்டு வாளி வாங்கிவந்தாள். பூங்காவில் மரத்தடியில் மக்கிக் கிடந்த இலையில் ஒரு பை அள்ளிவந்தாள், அதுவும் கையுறை இல்லாமல்! எல்லாவற்றையும் கலந்து, தண்ணீர் தெளித்து, பெட்டியை நிரப்பி மூடினாள்.

அதற்குப் பிறகு மாடிப் பக்கமே போகவில்லை. இதுவும் பொய்த்துப் போயிருந்தால் என்ன செய்வது என்று பயம். பைலட்டும் போகவில்லை. அவள்தான் கைகழுவிவிட்டாளே!

இன்றைக்குப் பார்த்தே ஆகவேண்டும். நீராவியக்காவுக்கு இன்று விடுமுறை. பைலட் முதல் ஷிஃப்டுக்கு இருட்டோடு கிளம்பிப் போய்விட்டாள். குளிர் விலகாத காலையில், சால்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படி ஏறினாள் நீராவியக்கா. பெட்டிக் கதவின் பிடியில் கையை வைத்தாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தூக்கினாள்.

குப்பென்று வெள்ளையாக எழும்பி முகத்தில் அடித்தது.

"ஐயோ! என்னங்க! சீக்கிரம் வாங்க! புகையுது!"

நியூஸ்காரர் ஒரு கையில் செய்தித்தாளும் மறு கையில் குளியலறை வாளியுமாக மேலே வந்து சேர்ந்தார். "தீ! மொட்டை மாடியில் தீ!" தெருக்கோடி வரை கேட்டிருக்கும். வாளியை ஓங்கிவிட்டார்.

"நில்லுங்க!" அவள் குறுக்கே கையை நீட்டினாள். "ஊத்தாதீங்க. இது புகை இல்ல."

புகை என்றால் கரிவாசம் வரும், கண் எரியும். இது கண்ணை எரிக்கவில்லை. ஈரமாக இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியில் பட்டு முத்து முத்தாகக் கோத்துக்கொண்டது. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தின் வாசனை வந்தது. வாழ்க்கை பூராவும் எதைப் பார்த்துக்கொண்டு நின்றாளோ அதைப் போய்ப் புகை என்று கத்தியிருக்கிறாள். இது நீராவி.

குனிந்து, மேலே கிடந்த இலையை விலக்கி, உள்ளே கையை விட்டாள். மணிக்கட்டு வரை கூடப் போகவில்லை, விருட்டென்று வெளியே இழுத்துக்கொண்டாள்.

"என்ன, கடிச்சிடுச்சா?"

"சுடுது."

"சும்மா சொல்லாத."

"கைய விட்டுப் பாருங்க."

நியூஸ்காரர் கையை விட்டார். எடுத்தார். செய்தி எதுவும் வாசிக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனுக்கு வார்த்தை வராமல் அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

சத்தம் கேட்டு மெக்கானிக் பல்தேய்க்கிற பிரஷ்ஷோடு வந்தான். பார்த்தான், ஓடினான், வேலைப் பையோடு திரும்பினான். நீளக் கம்பி வைத்த மீட்டர் ஒன்று அவனிடம் உண்டு, ஃப்ரிட்ஜுக்குள் குளிர் எவ்வளவு என்று பார்ப்பதற்கு. கம்பியைப் பெட்டியின் நடுவில் ஆழமாகச் செருகினான். மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரையின் மேல் கவிழ்ந்தன.

எண் ஏறியது. நிற்கும் என்று பார்த்தால் இன்னும் ஏறியது. மெக்கானிக் மீட்டரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான். அது அவனை மதிக்காமல் ஏறிக்கொண்டே போய், அறுபத்து மூன்று டிகிரியில் நின்றது.

"அம்மா, என் மீட்டர்ல நம்பர் இறங்கித்தான் பாத்திருக்கேன்" என்றான். "இப்படி ஏறி நான் பாத்ததே இல்ல." குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தான். "கரண்டு கிடையாது. கேஸ் கிடையாது. மோட்டாரக் கழட்டி நானே வித்துட்டேன். எங்கேர்ந்தும்மா வருது இது?"

எங்கேர்ந்து வருகிறது? நீராவியக்காவும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றாள், சால்வை நழுவித் தரையில் கிடப்பது கூடத் தெரியாமல்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் சூட்டோடு குடித்தனம் நடத்துகிறவள். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைத் திருகி, சுவிட்ச்சைப் போட்டு, முள் ஏறுகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருப்பாள். சூடு என்றால் அதற்கு ஒரு சுவிட்ச் வேண்டும், ஒரு உறுமல் வேண்டும், மாதம் பிறந்தால் ஒரு மின்கட்டணம் வேண்டும். இங்கே உருளைக்கிழங்குத் தோலும், காபிச் சக்கையும், பஸ் டிப்போவில் மிதிபட்ட இலையும் கிடக்கின்றன. ஒரு சத்தமும் இல்லை. இந்தக் குளிரில், யாருமே பார்க்காதபோது, ராத்திரி பகலாக அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொன்று மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது.

நீராவிக்குள் தள்ளுமுன் கருவிகளைக் கழுவ ஆஸ்பத்திரியில் ஒரு யந்திரம் உண்டு. கிட்டத்தட்ட இந்தச் சூட்டுத் தண்ணீரில்தான் அது சோப்புப் போட்டுக் கழுவும். நோய் தருகிற கிருமி பலதும் இந்தச் சூட்டிலேயே துவண்டுபோகும். இங்கே அந்தச் சூட்டை உண்டாக்கியது யார்? கிருமிதான்! கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம்தான்! அவள் எதை ஒரு மக் மருந்தோடு துரத்தித் துரத்திக் கொன்றாளோ, அது தன் வீட்டைத் தானே சூடாக்கி, தானே சுத்தம் பண்ணிக்கொண்டு, நாம் வேண்டாம் என்று வீசியதை மண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் எதிரி என்று நினைத்த ஒன்றின் முன்னால் அவள் கைகட்டி நின்றாள். அடேயப்பா, எவ்வளவு பெரிய சங்கதி, இந்தப் பழைய பெட்டிக்குள்!

"மருமகள் பைலட் அபார வெற்றி!" நியூஸ்காரருக்குக் குரல் திரும்பிவிட்டது. "பெட்டி திடீரெனச் சூடானது! குடும்பத்தினர் ஆனந்தக் கண்ணீர்!"

"திடீர்னு எப்படிம்மா?" என்றான் மெக்கானிக். அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான்.

அவள் பெட்டியின் கதவை மூடினாள். "அவகிட்டதான் முதல்ல சொல்லணும்."

"போன் போடவா?"

"வண்டி ஓட்டும்போது அணைச்சு வச்சிருப்பா. நானே போறேன்."

"போய்? ஒரு படம் எடுத்துக் காட்டப் போறீங்களா?"

இல்லை. அவள் சமையலறைக்குப் போய், சாப்பாடு கொண்டுபோகிற சூடு ஆறாத டப்பாவை எடுத்து, அதில் வெந்நீர் ஊற்றி வைத்துக் கொட்டினாள். பிறகு மாடிக்குப் போய், பெட்டியின் நடுவிலிருந்து ஆவி பறக்க அள்ளி, டப்பாவை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகினாள். மெக்கானிக் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். ஆப்பிளுக்குச் சோப்புப் போடுகிற அம்மா, சாப்பாட்டு டப்பாவில் குப்பையை அடைக்கிறாள்!

பஸ் நிறுத்தத்தில் ஊரைச் சுற்றுகிற வண்டி இரண்டு வந்து போயின. மூன்றாவதில்தான் மருமகள் இருந்தாள். மாமியார் ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்துப் பைலட்டின் புருவம் உயர்ந்தது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. 'வண்டி ஓடும்போது டிரைவரிடம் பேசாதீர்' என்று தலைக்கு மேலே பலகை தொங்குகிறது. சட்டம் என்றால் அவளுக்குச் சட்டம்தான்.

நீராவியக்கா முன் இருக்கையில், டப்பாவை மடியில் வைத்து, அதைச் சுற்றிச் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"வாசனையா இருக்கே, என்ன சமையல்?"

"இது சாப்பிடறதுக்கு இல்லைங்க."

அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

வழி நெடுக ஒரு எண்ணம் அவளைப் பிறாண்டிக்கொண்டே வந்தது. எதற்குச் சொல்லவேண்டும்? பெட்டி சூடாகிவிட்டது. டப்பாவைத் திறந்து காட்டினால் அவள் முகம் மலரும். 'என் கை பட்டது உயிர் பிடித்துவிட்டது' என்று சந்தோஷப்படுவாள். ஷிஃப்ட் முடிந்ததும் டிப்போவில் 'நான் போகவில்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவாள். மருந்துத்தண்ணீர்க் கதை யாருக்குத் தெரியும்? சொன்னால்தான் வினை. உன் முதுகுக்குப் பின்னால் நான்தான் ஊற்றிக் கெடுத்தேன் என்று கேட்ட பிறகு எந்த மருமகள் அந்த வீட்டில் தங்குவாள்? மலைக்கு அந்தப் பக்கம் இன்றைக்கே போய்விடுவாளே!

முன்னால் ஸ்டியரிங் மேல் இருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். நல்ல கைகள். வளைவில் வண்டியை அலுங்காமல் திருப்புகிற கைகள். அந்தக் கைகளைப் பற்றித்தான் இந்தப் பெண் மாதக்கணக்காகத் தனக்குள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குச் சூடானதால் அன்றைக்கு ஆறிக் கிடந்தது இல்லையென்று ஆகிவிடுமா? வாயை மூடிக்கொண்டால் அந்தப் பழி அவள் கையிலேயே நின்றுவிடும்.

கடைசி நிறுத்தம் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். பைலட் இன்ஜினை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள். நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் ஓடுவது அவளுக்குப் பிடிக்காது.

"என்ன, அத்தை? மாமாவுக்கு ஏதாவது...?"

"அவரு நல்லாதான் இருக்காரு. உக்காரு."

சால்வையை விலக்கி டப்பாவைக் கையில் எடுத்தாள். மூடியைத் திறக்குமுன் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது.

"உன் பெட்டி இத்தன நாளா சூடாகாம இருந்ததுக்கு நீ காரணம் இல்ல. நான்தான். நீ வேலைக்குப் போனதும், மருந்துத்தண்ணி ஊத்தினேன். தினமும்."

பைலட்டுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"தினமுமா?"

"தினமும்."

"நான் தினமும் காலைல கைய வச்சுப் பாத்தேனே, அத்தை! நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?" குரல் உயர்ந்தது. காலி பஸ்ஸில் அது முன்னும் பின்னும் மோதியது. "நான் எப்படி அதை மூடிட்டு இறங்கி வருவேன்னு பாத்தீங்கல்ல? ஒரு வார்த்த, 'எனக்குப் பிடிக்கலம்மா, எடுத்துடு'ன்னு சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பேன்! ஏன் அத்தை? அப்படி என்ன பண்ணேன் நான் உங்கள?"

"நீ ஒண்ணும் பண்ணல." நீராவியக்கா டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரு காரணம் இல்லன்னு சொன்னாங்க. எங்க வேலைல அப்படி ஒண்ணு கிடையாதும்மா. ஏதாவது கெட்டுப்போச்சுன்னா எங்கயோ ஒரு கிருமி தப்பிச்சிருக்குன்னு அர்த்தம். நான் தினமும் ஆஸ்பத்திரிலேர்ந்து வரேன். என் துணில, என் கைல, எதையோ நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்னு... அதுதான் உன்னை..."

முடிக்க முடியவில்லை.

"நீ கோடிக்கணக்குல வரும்னு சொன்னியா, எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. இன்னொரு தடவ உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு ஊத்தினேன். அவ்வளவுதான். தப்புதான். பெரிய தப்பு. நீ என்ன வேணா திட்டு."

பைலட் திட்டவில்லை. மாமியாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் இந்த டிரைவர் சீட்தான் காரணம்னு நெனச்சேன்" என்றாள். "குழி ரோடு, குலுக்கல், காலைல நேரம் கெட்டு எழுந்திருக்கிறது. நான்தான் லீவு போட்டிருக்கணும்னு... நான் ஓட்டிட்டே இருந்ததாலதான்னு."

"அடிப் பைத்தியமே!"

"நீங்க மட்டும்?"

இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஆளுக்கொரு பழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இத்தனை மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒருத்தி மூச்சுவிடவில்லை. நினைக்க நினைக்க ஆறவில்லை நீராவியக்காவுக்கு.

"இதென்ன டப்பா?" என்றாள் பைலட், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"போன சனிக்கிழமையோட ஊத்தறத நிறுத்திட்டேன். எல்லாத்தையும் அலசிக் காயவச்சு, மறுபடியும் போட்டேன். திற."

பைலட் மூடியைத் திருகினாள்.

பஸ் ஜன்னல் வழியாகக் காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள் டப்பாவிலிருந்து ஆவி எழுந்தது. மெல்லியதாகச் சுருண்டு, மெதுவாக மேலே போய், கம்பிகளுக்கிடையில் கலைந்தது. பின்னாலேயே இன்னொரு சுருள் வந்தது. அவள் டிப்போ இலைதான் அது, பாதி கறுத்து, ஓரம் கரைந்து, மேலே வெள்ளையாகப் பூத்து, இன்னும் சூடாக.

பைலட் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு விரல்களை உள்ளே விட்டாள். சுட்டது, ஆனாலும் எடுக்கவில்லை.

"இது... தானாவா?"

"தானாத்தான். பெட்டிக்குள்ள இதவிடச் சூடு. உன் புருஷன் மீட்டர் அறுபத்தி மூணு காட்டுது. உங்க மாமா தீயணைக்கத் தண்ணி தூக்கிட்டு வந்தாரு."

பைலட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. சிரிப்பு எங்கேயோ ஒரு இடத்தில் உடைந்தது. உடைந்ததும் அழுகை வந்தது. மழைக்காலத்திலிருந்து தேங்கிக் கிடந்த அத்தனையும் வந்தது. குப்பை ஒட்டிய விரல்களோடு மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள். நீராவியக்கா தன் வெள்ளைச் சட்டையில் பதிந்த கறுப்பு விரல்களைப் பார்த்தாள். துடைக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை அவளுக்கு. முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வெளியே அடுத்த நடைக்கு ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கண்ணாடிக் கதவைத் தட்டி, கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

பைலட் நிமிர்ந்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. டப்பாவை இறுக்கி மூடி மாமியாரின் மடியில் வைத்தாள். எழுந்து இருக்கைப் பக்கம் போனவள், பாதியில் நின்றாள்.

"அத்தை."

"சொல்லும்மா."

"அது பொண்ணு. நர்ஸ் எங்கிட்ட மட்டும் சொன்னாங்க. நான் யாருக்கும் சொல்லல. அவருக்குக்கூட."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கதவு திறந்தது. ஜனங்கள் ஏறினார்கள், பையும் குடையும் பேச்சுமாக. இன்ஜின் உயிர் பெற்று, பஸ் வளைவில் அலுங்காமல் திரும்பியது.

நீராவியக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பொண்ணு. அவள் வாய்க்குள்ளேயே அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மடியில் டப்பா வெதுவெதுவென்று இருந்தது. எவ்வளவு பெரிய ஒன்றை இந்தப் பெண் தனியாகச் சுமந்துகொண்டு, ஊரையே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று மலைத்துப்போனாள்.

வண்டி நாலைந்து நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. 'போகாதேம்மா' என்று சொல்லத்தான் வீட்டிலிருந்து கிளம்பி வந்தாள். அதைச் சொல்லவே இல்லை. ஷிஃப்ட் முடிந்ததும் அவள் டிப்போவில் பதில் சொல்லவேண்டும், அதற்குள் வாயைத் திறக்கவேண்டும். தலைக்கு மேலே பலகை தொங்கியது.

போகவேண்டும் என்றால் போகட்டும் என்று நினைத்தாள். ஆச்சரியமாக இருந்தது, அப்படி நினைக்கத் தன்னால் முடிகிறதே என்று. போனாலும் அவள் எங்கள் வீட்டுப் பெண்தான். அடுத்த சுற்றிலும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.